அடி தாங்கும் தாடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 1970-களின் ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் போட்டிகளின் காணொலிகளை அண்மையில் தொடர்ந்து பார்த்தேன். முகமது அலியுடன் மூன்று முறை மோதி ஒருமுறைகூடக் கீழே விழாத கென் நார்ட்டன், ஜார்ஜ் ஃபோர்மனிடம் இரண்டாவது சுற்றிலேயே வீழ்ந்துவிட்டார். அதே ஃபோர்மனுக்கு எதிரில் கனடாவின் ஜார்ஜ் சுவாலோ விழவே இல்லை. உடற்கட்டில் நார்ட்டன் எவருக்கும் குறைந்தவராகத் தெரியவில்லை. பலமாகக் குத்துபவர்களைச் சிலரால் மட்டும் தாங்க முடிவது எப்படி? (வாசகர், திருச்சி)

பதில்: இந்தக் கேள்விக்கு இவ்விருவரையும்விடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது. நார்ட்டன் 1973-இல் இரண்டு முறையும் 1976-இல் ஒரு முறையும் அலியுடன் மொத்தம் 39 சுற்றுகள் மோதினார். முதல் போட்டியில் அலியின் தாடையையே உடைத்து வென்றார். 1978-இல் லாரி ஹோம்ஸுடன் 15 சுற்றுகள் நின்று, நூலிழையில்தான் பட்டத்தை இழந்தார். ஆனால் 1974-இல் கராகஸ் நகரில் ஃபோர்மனிடம் இரண்டாம் சுற்றிலும், 1979-இல் ஏர்னி ஷேவர்ஸிடம் முதல் சுற்றிலும், 1981-இல் ஜெர்ரி கூனியிடம் வெறும் 54 நொடிகளிலும் அவர் தோற்றார். கடைசி இரண்டு தோல்விகளின்போது அவருக்கு வயது 35-ஐத் தாண்டிவிட்டது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், ஃபோர்மனிடம் தோற்றபோது அவர் தம் உச்சத்தில்தான் இருந்தார்.

இதைக் கண்டு ‘நார்ட்டனின் தாடை பலவீனமானது’ என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நார்ட்டன் இரு கைகளையும் உடலின் குறுக்கே வைத்துக்கொண்டு, வலது காலை இழுத்தபடி முன்னேறிச் சென்று சண்டையிடுபவர். எதிராளியைப் பின்வாங்கச் செய்யும்வரை அந்த முறை அற்புதமாக வேலை செய்தது. அலியும் ஹோம்ஸும் பின்னோக்கி நகர்ந்து ஆடுபவர்கள் என்பதால் அவர்களுக்கு நார்ட்டன் பெரும் தலைவலியாக இருந்தார். ஃபோர்மனோ பின்வாங்க மறுப்பவர். அவர் முன்னேறி வந்தபோது நார்ட்டன் நேர்கோட்டில் பின்னால் சென்று, கயிற்றில் முதுகு பட நிமிர்ந்து நின்றார். குறுக்காக வைத்த கைகளுக்கு இடையிலும் மேலுமாக வரும் அப்பர்கட்டுக்கும் (கீழிருந்து மேலாக எழும் குத்து) சுற்றி வரும் வலக்கைக் குத்துக்கும் அந்த நிலையில் தடுப்பே கிடையாது. கூனியும் அவரைக் கயிற்றோடு ஒதுக்கித்தான் முடித்தார்.

சுவாலோவின் கதை இதற்கு நேர்மாறு. 93 தொழில்முறைப் போட்டிகளில் அவர் ஒருமுறைகூடத் தரையில் விழவில்லை. 1967-இல் ஜோ ஃபிரேசியரும் 1970-இல் ஃபோர்மனும் அவரை வென்றார்கள் என்றாலும், இரண்டிலும் அவர் காலூன்றி நிற்கும்போதே போட்டி நிறுத்தப்பட்டது. தடித்த கழுத்தும் அகன்ற தலையும் இயற்கை அவருக்குத் தந்தவை. அவற்றோடு, மோவாயை மார்போடு ஒடுக்கிக்கொண்டு எதிராளியின் நெஞ்சில் தலை முட்டும் அளவுக்கு நெருங்கி நிற்பது அவர் வழக்கம். கை முழு வேகம் பெறுவதற்கு இடைவெளி வேண்டும்; அந்த இடைவெளியைத்தான் அவர் பறித்துவிடுவார். அவருடைய முகத்தில் அடி விழாமல் இல்லை, ஏராளமாக விழுந்தது; தாடையின் நுனியில், பக்கவாட்டில், எதிர்பாராத நொடியில் விழுந்தவை குறைவு.

ஆனால் நெருங்கிச் செல்வது எல்லோருக்கும் காப்பாகாது. ஃபிரேசியரும் நெருங்கிச் சண்டையிடுபவர்தான். அலியின் குத்துகளை மூன்று போட்டிகளில் 41 சுற்றுகள் தாங்கியவர். அவரை 1973 ஜனவரி 22 அன்று ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் ஃபோர்மன் இரண்டே சுற்றுகளில் ஆறு முறை வீழ்த்தினார். உயரமும் நீண்ட கைகளும் கொண்ட ஃபோர்மன், குனிந்து குனிந்து வந்த ஃபிரேசியரை இரு கைகளாலும் தள்ளித் தமக்கு வசதியான தொலைவில் நிறுத்தி, கீழிருந்து மேலாகக் குத்தினார். குனிந்து முன்னேறும் தலையும் மேலே எழும் கைமுட்டியும் எதிரெதிராகச் சந்திக்கும்போது இரண்டின் வேகமும் ஒன்று சேர்ந்துவிடும். அலியை எதிர்த்தபோது ஃபிரேசியருக்குத் துணையாக இருந்த அதே பாணி அன்று அவரையே வீழ்த்தியது.

கேள்வி: குத்து விழும்போது தலைக்குள் என்னதான் நடக்கிறது? தடித்த கழுத்து உள்ளவர்களுக்கு ஆபத்து குறைவு என்பது உண்மையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: பெரும்பாலான நாக்-அவுட்களுக்கு, அதாவது அடி வாங்கியவர் எழ முடியாமல் வீழ்வதற்கு, காரணம் தலை சட்டென்று சுழல்வதுதான். செம்பில் தண்ணீர் வைத்துச் சட்டென்று திருப்பினால் செம்பு திரும்பிய பிறகும் உள்ளிருக்கும் நீர் ஒரு கணம் பின்தங்குமே, அதுபோல மண்டையோடு திரும்பும் வேகத்துக்கு மூளையால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அப்போது மூளையின் நரம்பிழைகள் இழுபட்டு முறுக்கப்படுகின்றன. விழிப்புநிலையையும் கால்களின் உறுதியையும் காக்கும் பகுதிகள் சில நொடிகள் செயலிழக்கின்றன. மோவாயின் நுனி, கழுத்தின் சுழல் அச்சிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால், அங்கு விழும் அடிக்கு நெம்புகோலின் வலிமை கிடைத்துவிடுகிறது. நெற்றியில் விழும் அதே அடி பெரும்பாலும் வலியோடு போய்விடும், சில வேளைகளில் குத்தியவரின் கையையே முறித்துவிடும்.

உலகத் தரவரிசையில் இருந்த பிரிட்டிஷ் ஹெவிவெயிட் ஒருவரின் குத்தை 1985-இல் ஆய்வாளர்கள் அளந்தார்கள். அவருடைய கைமுட்டி நொடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் வந்து, ஏறத்தாழ 4,100 நியூட்டன் உச்ச விசையுடன் மோதியது. புறப்பட்டது முதல் மோதியது வரை ஆன நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குதான். கண்ணால் பார்த்துச் சுதாரிக்க மனிதருக்கு அதைப்போல இரு மடங்கு நேரம் தேவை. ஆகவே, தேர்ந்த வீரர்கள் கைமுட்டியைப் பார்ப்பதில்லை. தோளின் அசைவையும் எடை மாறும் காலையும் பார்த்து, குத்து கிளம்பும் முன்பே கழுத்துத் தசைகளை இறுக்கிக்கொள்கிறார்கள், அல்லது குத்து வரும் திசையிலேயே தலையைச் சற்று நகர்த்தி அதன் வேகத்தை வடிக்கிறார்கள். இறுகிய கழுத்து, தலையை உடலின் எடையோடு பிணைத்துவிடுவதால் தலை சுழல்வது குறைகிறது. காணாத குத்தே வீழ்த்தும் குத்து என்று குத்துச்சண்டைக்காரர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

கழுத்தின் பருமன் உதவும். ஆனால் அதுவே எல்லாம் அன்று. தூண்போன்ற கழுத்தைக் கொண்டிருந்த மைக் டைசன் 1990 பிப்ரவரி 11 அன்று டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸின் அப்பர்கட்டையும் அதைத் தொடர்ந்த குத்துகளையும் வாங்கிப் பத்தாம் சுற்றில் வீழ்ந்தார். களைத்து, ஒரு கண் வீங்கி, குத்துகளைக் காண இயலாத நிலையில் இருந்தவருக்குக் கழுத்தால் என்ன செய்ய முடியும்? இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கீழ் எடைப்பிரிவுகளில் எடைக்காக உடலின் நீரை வற்றச் செய்துவிட்டு வருவதால் தாங்கும் திறன் குறைவதுண்டு. 200 பவுண்டுக்கு, அதாவது 90.7 கிலோவுக்கு மேல் வரம்பே இல்லாத ஹெவிவெயிட்டில் அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது.

கேள்வி: என் மகன் குத்துச்சண்டை பயில்கிறான். தலையில் அடி வாங்கிப் பழகினால்தான் தாடை உறுதிப்படும் என்று அவனுடன் பயிலும் மூத்த பையன்கள் சொல்கிறார்களாம். அப்படிப் பழக்கலாமா? (வாசகி, ராயபுரம்)

பதில்: கூடாது, அம்மா. வலிக்கு மனம் பழகலாம், மூளை பழகாது. வாங்கிய அடிகள் சேரச் சேரத் தாங்கும் திறன் குறைகிறதே தவிர, கூடுவதில்லை. பயிற்சியின்போதுகூடத் துணைவீரர்களைத் தம்மை ஓங்கிக் குத்தச் சொன்ன அலிக்கு 1984-இல் பார்க்கின்சன் பாதிப்பு கண்டறியப்பட்டது. எதற்கும் அஞ்சாமல் அடிக்கு அடி கொடுத்து வாங்கிய ஜெர்ரி குவாரி, மூளைச் சிதைவால் அன்றாட வேலைகளுக்கே பிறரை நம்பி வாழ்ந்து, 1999-இல் 53 வயதில் இறந்தார்.

பழக்க வேண்டியவை வேறு: மோவாயை ஒடுக்கி வைத்தல், கழுத்துப் பயிற்சி, நேர்கோட்டில் பின்வாங்காமல் பக்கவாட்டில் விலகுதல், தள்ளாடும்போது எதிராளியின் கைகளைக் கட்டிப்பிடித்தல். விளாடிமிர் கிளிச்கோவை உங்கள் மகனுக்கு எடுத்துக்காட்டலாம். 2003-இல் கோரி சாண்டர்ஸிடமும் 2004-இல் லாமன் புரூஸ்டரிடமும் வீழ்ந்தபோது, தாடை பலவீனமானவர் என்று அவரை எல்லோரும் ஒதுக்கினார்கள். அவரோ பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டூவர்டின் வழிகாட்டுதலில், நீண்ட இடக்கை ஜாபால் (நேராக நீட்டும் விரைவான குத்து) தொலைவைக் காத்து, நெருங்கியவரை அணைத்துப் பிடித்து, 2015 வரை தோல்வியே காணவில்லை. பார்ப்பதற்கு அது சலிப்பூட்டும் ஆட்டம் என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். அவருடைய தாடை மாறவில்லை. அதைத் தொட்ட குத்துகளின் எண்ணிக்கைதான் மாறியது. மகனிடம் அப்படிச் சொன்னவர்கள் யார் என்பதைப் பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

கேள்வி: விழுந்த பின்பும் எழுந்து வெல்பவர்களிடம் என்ன தனித்தன்மை? ஒரு போட்டியைப் பரிந்துரைக்க முடியுமா? (வாசகர், கோவை)

பதில்: 1979 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த லாரி ஹோம்ஸ்–ஏர்னி ஷேவர்ஸ் போட்டியைப் பாருங்கள். ஷேவர்ஸின் கை எத்தகையது என்பதற்கு ஒரு குறிப்பு: 1980-இல் சென்னைக்கு வந்து அலியுடன் காட்சிப் போட்டியில் மோதிய முன்னாள் உலகச் சாம்பியன் ஜிம்மி எல்லிஸை ஷேவர்ஸ் 1973-இல் முதல் சுற்றிலேயே வீழ்த்தியிருந்தார். ஹோம்ஸும் ஏழாம் சுற்றில் அந்த வலக்கையை முழுமையாக வாங்கி, மரம்போல மல்லாந்து விழுந்தார். எழுந்துவிட்டார் என்பதைவிட எழுந்த பின் என்ன செய்தார் என்பதே முக்கியம். கோபத்தில் திருப்பித் தாக்காமல், கால்கள் சொன்னபடி கேட்கும்வரை நகர்ந்தும் ஷேவர்ஸைக் கட்டிப்பிடித்தும் அந்தச் சுற்றைக் கடத்தினார். நல்ல உடற்தகுதி உள்ளவருக்கு மூச்சும் கால்களும் விரைவில் திரும்பும். ஓர் அடியில் முடிக்கப் பழகிய ஷேவர்ஸோ பிந்தைய சுற்றுகளில் களைப்பவர். பதினோராம் சுற்றில் நடுவர் போட்டியை நிறுத்தியபோது தள்ளாடிக்கொண்டிருந்தவர் ஷேவர்ஸ்தான்.