குழலுக்கு முன் தோட்டா: போட்டி ரைஃபிள் கேள்வி பதில்

துல்லியப் போட்டிக்கான ரைஃபிளில் குழலையும் தோட்டாவையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கோலாலம்பூர், பினாங்கு வட்டாரத்து அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். மற்ற நாட்டவரைப் போல நாம் நினைத்தபோது குழலை மாற்றிப் பார்க்க முடியாது. வீட்டில் அமர்ந்து தோட்டா நிரப்பவும் சட்டம் இடம் தராது. ஆகவே எந்தத் தோட்டா நமக்குத் தடையின்றிக் கிடைக்கும் என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே குழலைப் பற்றி யோசிக்க வேண்டும். கீழே உள்ள பெரும்பாலான பதில்களுக்கு இதுவே அடிப்படை.

கேள்வி (செந்தூல்): ஐயா, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நூர் சுர்யானி தைபி எட்டு மாதக் கர்ப்பிணியாக 10 மீட்டர் காற்று ரைஃபிள் பிரிவில் களமிறங்கியதைச் சிறு வயதில் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்தே என் மகளுக்கு இந்த விளையாட்டின் மீது ஆசை. பல்கலைக்கழகக் குழுவில் காற்று ரைஃபிள் சுட்டவள், இப்போது 50 மீட்டருக்கு மாற விரும்புகிறாள். எந்த நிறுவனத்தின் குழலுக்கு நாங்கள் பணம் சேர்க்க வேண்டும்?

பதில்: குழலுக்கென்று தனியாகப் பணம் சேர்க்க வேண்டாம். 50 மீட்டர் பிரிவில் தோட்டாவை விதியே முடிவு செய்துவிட்டது, 5.6 மில்லிமீட்டர் அளவுள்ள, நாம் பாயிண்ட் டூ டூ என்று சொல்லும் லாங் ரைஃபிள் தோட்டாவைத் தவிர வேறு எதற்கும் அங்கே அனுமதியில்லை. அன்ஷூட்ஸ், வால்தர், பிளைக்கர் போன்ற நிறுவனங்களின் போட்டி ரைஃபிள்களில் தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் குழல், உங்கள் மகளின் கை முதிரும்வரை அவருடைய திறமையை விட ஒரு படி மேலாகவே இருக்கும். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். ஒழுங்கான குழலுக்கு ஒத்துப்போகும் தோட்டா கிடைத்துவிட்டால், தாங்கியில் வைத்துச் சுடும்போது குண்டுகள் அனைத்தும் அந்த வட்டத்துக்குள் விழும். சேர்க்கும் பணத்தைப் பல லாட் (தொழிற்சாலையில் ஒரே தடவையில் தயாரான தொகுதி) தோட்டாக்களைச் சோதித்துப் பார்ப்பதற்கும், தேறிய லாட்டை மொத்தமாக வாங்கி வைப்பதற்கும் ஒதுக்குங்கள்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): பாயிண்ட் டூ டூ குழல்கள் எல்லாவற்றிலும் ட்விஸ்ட் 16 அங்குலம் என்றே போட்டிருக்கிறது. 6 மில்லிமீட்டர் குழலில் 8 அங்குலமும் உண்டு, 14 அங்குலமும் உண்டு. இந்த எண் எங்கிருந்து வருகிறது?

பதில்: குண்டின் நீளத்திலிருந்து வருகிறது. குழலின் உட்சுவரில் உள்ள சுருள் பள்ளம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி முடிக்க எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்கிறது என்பதே அந்த எண். இங்கிலாந்தின் வூலிச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஆல்பிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879இல் தந்த எளிய சூத்திரம் இன்றும் உதவுகிறது. குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, வந்ததை 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் போதும்.

தாளில் போட்டுப் பாருங்கள். பாயிண்ட் டூ டூ குண்டின் விட்டம் 5.66 மில்லிமீட்டர், நீளம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். 5.66ஐ 5.66ஆல் பெருக்கினால் 32. அதை 150ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 400 மில்லிமீட்டர். 16 அங்குலம் என்பது 406 மில்லிமீட்டர். இனி 300 மீட்டரில் சுடும் 105 கிரெய்ன் (சுமார் 6.8 கிராம்) எடையுள்ள 6 மில்லிமீட்டர் குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விட்டம் 6.17, நீளம் 32 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கணக்கு 7 அங்குலம் என்று விடை தரும். விநாடிக்கு 850 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் 150க்குப் பதிலாக 180 என்று வைத்துக்கொள்வது வழக்கமாதலால் அது 8.4 அங்குலமாகும். தயாரிப்பாளர்கள் இரண்டுக்கும் இடையில் 8 அங்குலத்தில் வெட்டுகிறார்கள். நீங்கள் பார்த்த 14 அங்குலக் குழல், மேசையில் தாங்கி வைத்துக் குறுகிய தூரத்தில் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் 6 பிபிசி தோட்டாவின் 65 முதல் 68 கிரெய்ன் வரையிலான குட்டைக் குண்டுகளுக்காகச் செய்யப்பட்டது. நீளமான குண்டை அதில் சுட்டால் சுழற்சி போதாமல் பக்கவாட்டில் சாய்ந்து பறந்து, தாளில் நீள்வட்டமாகத் துளையிடும்.

கேள்வி (பட்டர்வொர்த்): ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே விலை. ஆனால் போன ஆண்டு வாங்கிய பெட்டி அருமையாகச் சுட்டது, இந்த ஆண்டு வாங்கியது சிதறுகிறது. ரைஃபிள் கெட்டுவிட்டதா?

பதில்: ரைஃபிளைச் சந்தேகிப்பதற்கு முன் பெட்டியின் மீது அச்சிட்டுள்ள லாட் எண்ணைப் பாருங்கள், இரண்டும் வேறாக இருக்கும். பாயிண்ட் டூ டூ தோட்டாவுக்கு நடுவில் பிரைமர் என்னும் தனித் தீமூட்டி கிடையாது. ஈரப்பதமான தீமூட்டும் கலவையை வெற்றுக் கூட்டுக்குள் இட்டு, வேகமாகச் சுழற்றி, அடிவிளிம்பின் மடிப்புக்குள் பரவச் செய்கிறார்கள். அந்தக் கலவை விளிம்பு முழுவதும் எவ்வளவு சீராகப் பரவியது, விளிம்பின் தடிப்பு எப்படி அமைந்தது, ஈயக் குண்டின் மீது மெழுகு எவ்வளவு படிந்தது என்பதெல்லாம் லாட்டுக்கு லாட் சிறிது மாறும். தொழிற்சாலை எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்த மாற்றத்தை முற்றிலும் ஒழிக்க முடியாது.

அந்தச் சிறிய மாற்றம் இலக்கில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். விநாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 50 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பினால் சுமார் 12 சென்டிமீட்டர் இறங்குகிறது. அடுத்த குண்டு 10 மீட்டர் குறைந்த வேகத்தில் கிளம்பினால் அது கூடுதலாக ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் இறங்கும். பத்துப் புள்ளி வட்டமே 10.4 மில்லிமீட்டர் என்னும்போது, சுட்டவர் ஒரு தவறும் செய்யாமலேயே புள்ளியை இழக்கிறார். சிதறல் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் பெரும்பாலும் வேக வேறுபாடுதான் காரணம்.

ஈலி, லாப்புவா, ஆர்டபிள்யூஎஸ் ஆகியவற்றின் உயர்தரத் தோட்டாக்களில் நான்கைந்து லாட்களைச் சிறு அளவில் வரவழைத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாக நான்கு முறை, அதாவது 40 குண்டுகள் சுடுங்கள். ஒரு லாட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது முதல் பத்துக் குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; குழலுக்குள் புதிய மெழுகு படிந்த பிறகே அந்த லாட்டின் உண்மை முகம் தெரியும். ஐரோப்பாவிலுள்ள தொழிற்சாலைக் களத்தில் தேறிய லாட்டை, சுபாங்கின் 33 பாகை வெயிலில் ஒருமுறை சரிபார்த்துவிட்டே மொத்தமாக வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். வாங்கிய பெட்டிகளைக் காரின் பின்பெட்டியில் விட்டுவைக்காதீர்கள். அந்தச் சூட்டில் மெழுகு இளகிவிடும்.

கேள்வி (கெப்போங்): வேகம் கூடினால் இறக்கம் குறையுமே, அதிவேகத் தோட்டா வாங்கினால் என்ன?

பதில்: வேண்டாம். நம் வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். அதிவேகக் குண்டு அதைத் தாண்டிக் கிளம்பி, இலக்கை அடைவதற்குள் மீண்டும் அதற்குக் கீழே இறங்கும். அந்த எல்லையைக் கடக்கும்போது காற்றின் அலைக்கழிப்பில் குண்டு தடுமாறுகிறது. போட்டித் தோட்டாக்கள் தொடக்கத்திலிருந்தே ஒலியின் வேகத்துக்குக் கீழே செல்வது இதனால்தான்.

கேள்வி (பூச்சோங்): வெட்டிச் செய்த குழல் நல்லதா, பட்டன் இழுத்துச் செய்த குழல் நல்லதா? நீளம் எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: அமெரிக்காவின் கிரீகர், பார்ட்லைன் ஆகியவை பள்ளங்களைச் சிறிது சிறிதாக வெட்டி எடுக்கின்றன, லில்ஜா, ஷைலன் ஆகியவை கடினமான பட்டனை உள்ளே செலுத்திப் பள்ளங்களை அழுத்தி உருவாக்குகின்றன. இரு வகையிலும் உலகத் தரமான வெற்றிகள் உண்டு. உள்விட்டம் நெடுகிலும் சமமாக இருக்கிறதா, வாய்முனை சிராய்ப்பின்றி வட்டமாக இருக்கிறதா, தோட்டா அமரும் அறையான சேம்பர் குழலின் மையக் கோட்டிலேயே குடையப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் கேளுங்கள். பாயிண்ட் டூ டூவில் வெடிமருந்து 40 முதல் 48 சென்டிமீட்டருக்குள் எரிந்து முடிந்துவிடுவதால், அதற்கு மேற்பட்ட நீளம் குண்டுக்கு வேகம் சேர்ப்பதில்லை. முன்பின் குறிகளுக்கிடையே தூரம் வேண்டுமென்றால் குட்டைக் குழலின் முனையில் வெற்றுக் குழாய் ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): பணி நிமித்தம் சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தில் இருக்கப் போகிறேன். அங்கு உரிமம் பெற்று 300 மீட்டர் சுட விரும்புகிறேன். பாயிண்ட் 308, 6.5 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் பிஆர் ஆகிய தோட்டாக்களில் எது?

பதில்: நல்ல ஊருக்குத்தான் போகிறீர்கள், 300 மீட்டர் சுடுவது அங்கே ஊர்ச் சங்கங்களின் வழக்கமான விளையாட்டு. அனைத்துலக விதிப்படி 8 மில்லிமீட்டர்வரை எந்த அளவும் சுடலாம், பத்துப் புள்ளி வட்டம் 100 மில்லிமீட்டர். உங்கள் நிலையில் நான் 6 மில்லிமீட்டர் பிஆர் நோர்மாவையே தேர்ந்தெடுப்பேன்.

1952இல் வந்த பாயிண்ட் 308 உறுதியான தோட்டா, குழலும் 5,000 குண்டுகள்வரை தாங்கும். ஆனால் அதன் பின்னுதைப்பு 60 குண்டுகள் சுடும் ஆட்டத்தில் தோளைச் சோர்வடையச் செய்து, கடைசிப் பகுதியில் நிலையைக் கலைத்துவிடுகிறது. லாப்புவா நிறுவனம் சுவிஸ் ரைஃபிள் தயாரிப்பாளரான குரூனிக் அண்ட் எல்மிகருடன் சேர்ந்து 300 மீட்டருக்கென்றே 2005இல் கொண்டுவந்த 6.5 மில்லிமீட்டர் தோட்டாவான 6.5க்கு 47, காற்றை நன்றாகச் சமாளிக்கும், உதைப்பும் மிதமானது. காற்று மிகுந்த களத்தில் அதைத் தேர்ந்தெடுப்பவரை நான் தடுக்க மாட்டேன். 6 மில்லிமீட்டர் பிஆரோ சுமார் 30 கிரெய்ன் மருந்தில் 105 கிரெய்ன் குண்டை அனுப்புகிறது. உதைப்பு குறைவாக இருப்பதால் சுட்ட பின்னும் குறி இலக்கிலேயே நிற்கும், உங்கள் தவறு எதுவென்று உடனே கண்ணில் படும். புதிதாக 300 மீட்டருக்கு வருபவருக்கு அதைவிட நல்ல ஆசான் இல்லை.

குழலின் ஆயுளும் இதே கணக்கில்தான் வருகிறது. குறுகிய துளை வழியாக அதிக மருந்தின் தீ பாயும்போது சேம்பருக்கு அடுத்துள்ள தொண்டைப் பகுதி அரிக்கப்படுகிறது. பிஆர் குழல் பொதுவாக 3,000 குண்டுகள் அளவில் நன்றாக உழைக்கும். அதைவிட மிகுதியான மருந்தை எரிக்கும் 6.5-284 என்ற தோட்டாவின் குழல் ஏறக்குறைய 1,000 முதல் 1,200க்குள் களைத்துவிடும்.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): கடற்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிறது. ஸ்டெயின்லெஸ் குழல் வாங்கினால் கவலை தீருமா?

பதில்: குறையும், தீராது. போட்டிக் குழல்களுக்கான ஸ்டெயின்லெஸ் எஃகு சமையலறைப் பாத்திரத்தின் எஃகு அல்ல. கடைவதற்கு எளிதாக இருக்க அதில் கந்தகம் சேர்ப்பதால், உப்புக் காற்றில் அதுவும் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து ரைஃபிளை வெளியே கொண்டுவந்தவுடன் குழலின் மீது நீர்த்துளிகள் படிவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளேயும் அப்படித்தான் படிகிறது. பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வரவிடுங்கள். சுட்டு முடித்ததும் சேம்பர் பக்கமிருந்தே துணியைச் செலுத்தித் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சிடுங்கள். வாய்முனையில் கம்பி உரசக் கூடாது.

கேள்வி (கிள்ளான்): ஜெர்மனியிலுள்ள நண்பர் வெறும் குழலைத்தானே தபாலில் அனுப்புகிறார், அதற்கும் அனுமதி வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியின் பாகமும் ஆயுதமே. காவல் துறையின் இறக்குமதி அனுமதி கைக்கு வராமல் நண்பர் அஞ்சலகத்துக்கே போகக் கூடாது. காற்று ரைஃபிளுக்கும் உரிமம் தேவை. உங்கள் சங்கத்தின் வழியாக விண்ணப்பிப்பதே முறை.

கேள்வி (ஷா ஆலாம்): என் குழல் தேய்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது? ஐந்து குண்டு சுட்டுப் பார்த்தேன், மோசமாக இருந்தது.

பதில்: ஐந்து குண்டுகளை வைத்து முடிவெடுக்காதீர்கள். நல்ல குழலும் நல்ல தோட்டாவும் சேர்ந்தாலும், ஐந்து குண்டுக் குழு ஒருமுறை இருந்ததைப் போல மறுமுறை இரு மடங்கு விரிவது இயல்பே. பாயிண்ட் டூ டூவில் ஈயக் குண்டும் குறைந்த அழுத்தமும் என்பதால் குழல் பல பத்தாயிரம் குண்டுகள் தாங்கும். அதற்கு முன் திடீரென்று சிதறினால், சேம்பருக்கு முன்னால் கெட்டியாகப் படியும் கரி வளையத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். அதை நன்றாகக் கரைத்து எடுத்துவிட்டு, முன்பு தேறிய லாட்டில் 40 குண்டுகள் சுட்டு, பழைய தாளுடன் ஒப்பிடுங்கள். அப்போதும் விரிந்தே இருந்தால் இன்னொரு லாட்டிலும் அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டிலும் தேறாத குழலை மட்டும் துப்பாக்கி பழுதுபார்க்கும் உரிமம் பெற்றவரிடம் கொண்டுபோய், தொண்டையையும் வாய்முனையையும் குழலுக்குள் பார்க்க உதவும் போர்ஸ்கோப்பில் காட்டச் சொல்லுங்கள்.