தச்சுப் பட்டறை கேள்வி பதில்: பலகை திருப்பி அடிக்கிறதே!

கேள்வி: என் மாமனார் விட்டுப்போன பழைய 10 அங்குல டேபிள் சா (மேசை ரம்பம்) ஒன்று சுங்கை காடுட்டில் நண்பரின் பட்டறையில் இருக்கிறது. மோட்டார் நன்றாக ஓடுகிறது, ஆனால் பிளேடுக்கு மூடியோ பின்னால் நிற்கும் தகடோ எதுவும் இல்லை. போன வாரம் நியாத்தோ பலகையை நீளவாக்கில் அறுத்தபோது அது திரும்பி வந்து வயிற்றில் அடித்துவிட்டது, கன்றிப்போன இடம் இன்னும் வலிக்கிறது. இப்படித் திருப்பி அடிக்கும் கிக்பேக் வராமல் இருக்க ஏதாவது பொருத்த முடியுமா, இல்லை பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?
- வாசகர், ஈசூன்

பதில்: இரும்புக்குப் போடாதீர்கள், பாவம். அமெரிக்கத் தர விதிகளில் புது மாடல்களுக்கு ரைவிங் நைஃப் (பிளேடோடு ஏறி இறங்கும் அந்தப் பின்தகடு) கட்டாயமானதே 2008-ஐ ஒட்டித்தான், அதனால் அந்தக் காலத்து மெஷின் பலவும் இப்படித்தான் இருக்கும்.

உங்கள் வயிற்றில் அடித்தது பிளேடின் பின்பக்கப் பற்கள். முன்பக்கப் பல் மரத்தை மேசையோடு அமுக்கும், பின்பக்கப் பல் மேலே ஏறி வரும். அறுத்த மரம் உள்ளுக்குள் இறுகியோ, ஃபென்ஸை (மரத்தை ஒட்டித் தள்ளும் நேர்கட்டை) விட்டு லேசாக விலகியோ அந்தப் பல்லைத் தொட்டால் போதும், தூக்கி உங்கள் மேலேயே எறியும். நம் சிங்கப்பூரின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 2850 சுற்று ஓடும் 10 அங்குல பிளேடின் விளிம்பு வேகம் மணிக்கு சுமார் 136 கிலோமீட்டர், விரைவுச்சாலையிலேயே 90-க்கு மேல் போகக்கூடாது. முன்பு நான் வேலை செய்த பட்டறையில் தகரச் சுவரில் உள்ளங்கை அளவு ஒரு பள்ளம் இருந்தது. அது என் கைங்கரியம்.

ஆப்பசைத்த குரங்கு கதை தெரியுமல்லவா? அறுத்த பிளவு மூடாமலிருக்கத்தான் அந்த ஆப்பு, உங்களுக்கும் அதுதான் வேண்டும். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேசைக்கு அடியில் பிளேடுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய ஸ்ப்ளிட்டரை (பிளவைப் பிரித்து வைக்கும் தகடு) மாட்டிய போல்ட் ஓட்டைகள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் பிளேடைச் சுற்றி மேசையில் பதிந்திருக்கும் தட்டை எடுத்து, அதே அளவில் பிளைவுட்டில் ஒன்று செய்யுங்கள். சில மெஷினில் பிளேடை முழுக்க இறக்கினாலும் பல் புதுத் தட்டின் அடியில் முட்டும், அப்போது அடியில் ஒரு பள்ளம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிளேடுக்கு மேலே வராதபடி ஃபென்ஸைத் தட்டின் ஓரத்தில் ஏற்றி இறுக்கிவிட்டு, ஓடும் பிளேடை மெதுவாக உயர்த்தினால் அதுவே தன் கோட்டை வெட்டிக்கொள்ளும். அதே கோட்டைப் பின்னால் நீட்டி ஒரு கெட்டி மரத் துண்டைச் செங்குத்தாக ஒட்டுங்கள், உயர்த்திய பிளேடின் பின்பற்களுக்குச் சில மில்லிமீட்டர் தள்ளி.

துண்டின் தடிமன்தான் முக்கியம். பிளேடு போடும் வெட்டின் அகலம் 3.2 மில்லிமீட்டர் என்றால் துண்டு 2.8 போல இருக்கட்டும்: பிளேடு தகட்டைவிடத் தடிப்பு, வெட்டைவிட மெல்லிசு. வெர்னியர் அளவுகோல் இல்லையென்றால் மரத்தில் பாதி தூரம் அறுத்து, மெஷினை நிறுத்தி, அந்த வெட்டுக்குள் துண்டை விட்டுப் பாருங்கள், சிக்காமல் வழுக்க வேண்டும், கடகடவென்று ஆடவும் கூடாது. அப்புறம், தட்டின் பின்முனையில் ஒரு சின்ன ஆணியை மேசைக்கு அடியில் போகும்படி நீட்டி விடுங்கள், இல்லையென்றால் மரம் துண்டில் மோதி தட்டையே கிளப்பிவிடும்.

இதில் குறை இல்லாமல் இல்லை. ரைவிங் நைஃப் போல பிளேடோடு ஏறி இறங்காது, சாய்த்து அறுக்கவும் பாதி ஆழப் பள்ளம் எடுக்கவும் வேறு தட்டு மாட்ட வேண்டும். ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாக இல்லையென்றால் துண்டு மட்டும் காப்பாற்றாது: ஒரே பல்லில் குறி போட்டு முன்னாலும் பின்னாலும் ஃபென்ஸ் வரை அளந்து பாருங்கள், பின்பக்கம் குறுகியிருக்கவே கூடாது. பிளேடின் நேர்கோட்டில் நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

கேள்வி: டேபிள் சாவில் வேலை செய்யும்போது தோல் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்கிறார் மனைவி. போடலாமா?
- இன்னொரு வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: வேண்டாம். பல் துணியையோ தோலையோ கவ்வினால் கையையும் சேர்த்து இழுத்துப் போகும். லாரியிலிருந்து மரம் இறக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள், சுவிட்சைப் போடுமுன் கழற்றிவிட்டுத் தள்ளுகட்டையைக் கையில் எடுங்கள்.