பழைய பொருள்களையும் பருவத்தில் கிடைப்பவற்றையும் வைத்து வீட்டையும் சாப்பாட்டு மேசையையும் எப்படி அலங்கரிக்கலாம்?

கேள்வி கேட்டவர் கோலாலம்பூரில் புது வீட்டுக்குக் குடிபோயிருக்கிறார். தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு, அதாவது தெரிந்தவர்கள் எல்லாரும் வந்து சாப்பிட்டுப் போகிற விருந்து, வைக்கப் போகிறாராம். பழைய சாமான்களையும் அந்தந்தக் காலத்துப் பூ, காய், இலைகளையும் கொண்டு வீட்டை அழகுபடுத்த ஆசை. எங்கே தொடங்குவது, எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருக்கிறார்.

நான் பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். எங்கள் மேசையில் ஆறு பேர் உட்காரலாம். அதில் பாதியை எப்போதும் தண்ணீர்ப் போத்தலும் மருந்து டப்பாவும் சாவிக்கொத்தும் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே பத்திரிகைப் படங்களில் வருகிற மேசையை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம்.

முதலில் கடைக்குப் போகாதீர்கள். அம்மா வீட்டுக்கோ மாமியார் வீட்டுக்கோ போய்ச் சமையலறை மேல்தட்டையும் கட்டிலுக்கு அடியையும் பாருங்கள். என் கதை அப்படித்தான் தொடங்கியது.

அம்மா சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டத்து நிலம் வீடமைப்புக்குப் போனபோது, என் அத்தை மகன் பழைய ஸ்டோரிலிருந்து ஒரு சாக்கு நிறைய மங்கு எடுத்து வந்தான். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: பால்மரத்தில் வெட்டுக்கோடு முடிகிற இடத்துக்குக் கீழே, கம்பியில் உட்கார்ந்து பால் பிடிக்கிற சின்னக் கிண்ணம்தான் மங்கு. பிறகு பிளாஸ்டிக்கில் வந்துவிட்டது. இவை பழைய பீங்கான். உள்ளே வழவழவென்று மெருகு, வெளியே மண் நிறம், அடிப்பக்கம் சொரசொரப்பு. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது; வாய் கொஞ்சம் கோணியிருக்கும், மெருகில் ஊசிமுனை அளவு புள்ளிகள் இருக்கும்.

எல்லாவற்றிலும் காய்ந்த ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டினால் மெருகு கீறிவிடும் என்று பயந்து இரவெல்லாம் சுடுநீரில் ஊறவைத்தேன். காலையில் ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தால் பாம்புச் சட்டை மாதிரி ஒரே தோலாக உரிந்து வந்தது. உரித்த தோலில் மங்கின் வடிவம் அப்படியே இருந்தது. அதைத் தூக்கிப் போட மனம் வராமல் ஒன்றை ஜன்னலில் காயவைத்திருக்கிறேன்.

அந்தத் தீபாவளிக்கு ஒன்பது மங்கை மேசை நடுவே நீளவாக்கில் வைத்தேன். ஐந்தில் சின்ன மெழுகுவர்த்தி, நான்கில் பூ. அம்மா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தவர் மேசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன்டி, மங்கக் கொண்டாந்து சோத்து மேசையில வச்சிருக்க? இதத் தொடச்சுத் தொடச்சுத்தான் என் கை போச்சு. இங்கயுமா?"

எனக்குச் சுருக்கென்றது. நமக்கு அழகாகத் தெரிகிற பழசு, அதோடு மல்லுக்கட்டியவர்களுக்கு எப்படித் தெரியும் என்று அதுவரை நான் நினைத்தே பார்த்ததில்லை. எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. உட்கார்ந்து, பூ இல்லாத ஒன்றைக் கையில் எடுத்து, பெருவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றினார். பால் எடுக்கும் முன் மங்கு துடைக்கிற அதே சுற்று. பிறகு முறுக்கு எங்கே என்று கேட்டார்.

சரி, மேசைக்கு வருவோம். நான் பிடித்துக்கொண்டிருக்கும் கணக்கு ஒன்றுதான்: ஒரு பழைய பொருள், அதற்குப் பக்கத்தில் இந்த வாரம் கிடைத்த ஒன்று. அதற்கு மேல் வைத்தால் மேசை கடைத்தெரு ஆகிவிடும், சோற்றுப் பானைக்கு இடம் இருக்காது. பழசு மாறாமல் நிற்கும், பக்கத்தில் இருப்பது வாரத்துக்கு வாரம் மாறும். வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தெரியும், நமக்குச் செலவும் இல்லை.

எங்கள் தீவில் அந்தப் பக்கத்துப் பொருளுக்கு என் முதல் தேர்வு சாதிக்காய். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மொலுக்கா தீவுகளிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்களின் வழிவந்தவை இன்றும் பாலிக் புலாவ் பக்கம் காய்க்கின்றன. ஊறவைத்தும் சாறு பிழிந்தும் விற்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். முழுப் பழமாகக் கிடைத்தால் விடாதீர்கள். வெளிர்மஞ்சளில், சின்ன மாங்காய் அளவில் இருக்கும். பழுத்தால் தானே நடுவில் வெடிக்கும். உள்ளே கறுப்புப் பளபளப்புக் கொட்டை. அதன்மேல் சாதிபத்திரி, யாரோ சிவப்பு நூலால் வலை பின்னிவிட்ட மாதிரி. முதல் நாள் அந்தச் சிவப்பு ரத்தச் சிவப்பு. காயக் காய ஆரஞ்சாகி, பிறகு மஞ்சள் கலந்த பழுப்பாகும். வெடித்த பழம் மூன்றை ஒரு பித்தளைத் தட்டில் வைத்தால் பூவே வேண்டாம், வாசனைக்குத் தனியாக எதுவும் வேண்டாம். நாலைந்து நாளில் சதை வாடிவிடும். அப்போது சதையைத் தூக்கிப் போட்டுவிட்டு பத்திரியைக் காயவைத்துப் பிரியாணிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மற்றவை சுருக்கமாக. கெடாவிலும் பினாங்குப் பெருநிலத்திலும் வருஷத் தொடக்கத்து வறட்சியில் பால்மர இலைகள் சிவந்து உதிரும். புத்தகத்துக்குள் அழுத்திவைத்தால் பல மாதம் நிறம் தாங்கும். ரப்பர் கொட்டைகள் மங்குக்குள் போட்டுவைக்க அழகாக இருக்கும், ஒவ்வொன்றிலும் வேறு வேறு வரி. சின்ன வயதில் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அண்ணன் கையில் வைத்து உதை வாங்கியிருக்கிறேன். ஆனால் பச்சைக் கொட்டையில் விஷம் உண்டு, குழந்தைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீனப் பெருநாள் முடிந்து, அதன் பதினைந்தாம் நாளான சாப் கோ மே ஆனதும் எங்கள் கட்டடத்தில் சின்ன ஆரஞ்சுச் செடிகளைத் தொட்டியோடு குப்பைப் பக்கம் வைத்துவிடுவார்கள். இரண்டை நான் எடுத்து வளர்க்கிறேன். ஒன்று காய்க்கிறது, இன்னொன்று என்னோடு கோபத்தில் இருக்கிறது.

சாகா மரத்தடியில் பொறுக்குகிற சிவப்பு மணிகளும் நன்றாக இருக்கும். அது மஞ்சாடி, நம் தட்டார்கள் பொன் நிறுக்கப் பயன்படுத்தியது. கறுப்புக் கண் வைத்த குன்றிமணியை அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. குன்றிமணி கடும் விஷம். அழகாக இருந்தாலும் சாப்பாட்டு மேசைக்கு வேண்டவே வேண்டாம்.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், பினாங்குக்கு வரும்போது லோரோங் கூலிட் காலைச் சந்தைக்குப் போங்கள். நகர விளையாட்டரங்கத்தை ஒட்டி இருக்கிறது. துணிவிரிப்பில் பழைய கைக்கடிகாரம், துருப்பிடித்த திருகுகள், எனாமல் அடுக்கு, கோப்பிக் கடைப் பீங்கான் கோப்பை எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். நான் அங்கே ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட சதுர ஒரு காசு நாணயங்கள் பன்னிரண்டு வாங்கினேன். 1939 முதல் 1945 வரையிலான ஆண்டுகள் பொறித்தவை, மூலைகள் மழுங்கி இருக்கும். மேசைக் கண்ணாடிக்கு அடியில் பரப்பி வைத்திருக்கிறேன். வருகிற பெரியவர்கள் ஒவ்வொருவரும் அதில் விரலை வைத்து, இதற்கு அந்தக் காலத்தில் என்ன வாங்கலாம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். சோறு ஆறிப்போகும்.

ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் டவுனில் ஒரு கடையில் நூறு வருஷத்துக் குத்துவிளக்கு என்று சொல்லி 380 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார்கள். கன்னங்கரேல் என்று இருந்தது, நானும் மயங்கிவிட்டேன். வீட்டில் புளியும் உப்பும் போட்டு ஒரு தேய் தேய்த்ததும் கறுப்பு மொத்தமும் கழன்று, நேற்று வார்த்த விளக்கு பல்லை இளித்தது. ஏதோ திராவகத்தில் முக்கிக் கறுக்க வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நிஜமாகவே எரிந்த விளக்கில் திரி வைக்கிற மூக்குகள் மழுங்கியிருக்கும், அதுவும் ஒன்றைப்போல் ஒன்று மழுங்கியிருக்காது. தண்டைக் கழற்றினால் மரை தேய்ந்து லொடலொடக்கும். பாதத்தின் அடியில் தரையில் இழுபட்ட கீறல் இருக்கும். இடுக்குகளில் எண்ணெய்ப் பிசுக்கு புளிக்கும் மசியாமல் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். பையில் ஒரு சின்னக் காந்தமும் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். மரச் சாமான் என்றால் தட்டிப் பாருங்கள். மாவு மாதிரி தூள் கொட்டினால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டுக்குள் விடாதீர்கள், உங்கள் அலமாரியையும் சேர்த்துத் தின்றுவிடும்.

நோன்யா பீங்கான்கள் மேல் கண் போகும்; இங்கேயே வேரூன்றிய பெரனாக்கான் சீனர் வீடுகளில் இருந்தவை. இளஞ்சிவப்பும் பச்சையும், நடுவே பீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும். பழையவை சீனாவின் ஜிங்தேசென்னில் செய்து இங்கே வந்தவை. கடைகளில் பளபளவென்று அடுக்கியிருப்பவை பெரும்பாலும் புது நகல்கள். நகல் என்று தெரிந்து வாங்கினால் தப்பே இல்லை, என்னிடமும் இரண்டு இருக்கின்றன. அசலைப் பார்க்க சர்ச் ஸ்திரீட்டில் இருக்கும் பினாங்கு பெரனாக்கான் மாளிகைக்குப் போய் ஒரு மணி நேரம் சுற்றுங்கள். கண் பழகிவிடும்.

பழைய பாத்திரத்தில் சாப்பிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பழைய எனாமல், பழைய வண்ணப் பீங்கான் இரண்டின் மெருகிலும் ஈயமோ காட்மியமோ இருக்கக்கூடும். விரிசல் விட்டிருந்தால் நிச்சயம் வேண்டாம். நான் எனாமல் அடுக்கில் வாழையிலைத் துண்டு விரித்து, காகிதம் சுற்றிய மிட்டாய் மட்டும் வைக்கிறேன். பித்தளையில் உள்ளே வெள்ளீயம் பூசாமல் ரசம், தயிர் ஊற்றக் கூடாது என்பது பாட்டி காலத்துப் பாடம். எங்கள் கடல்காற்றில் பித்தளை ஒரு வாரத்தில் முகம் வாடிவிடும். புளி போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, காய்ந்த பின் விபூதியால் தேய்த்தால் கொஞ்சம் தாங்கும்.

உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட எல்லாருக்கும் ஆசை. செய்யுங்கள், ஆனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸின் முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். சுகாதாரத் துறையினர் பரிசோதனைக்கு வந்து புழுவைக் கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரருக்குத்தான் அபராதம். உருளி பாட்டி காலத்தது என்று சொன்னாலும் விடமாட்டார்கள்.

செலவு கேட்டிருந்தீர்கள். போன தீபாவளிக்கு என் மேசைக்கு ஆனது 46 வெள்ளி: மெழுகுவர்த்தி, லிட்டில் இந்தியாவில் நாலு முழம் மல்லிகை, சாதிக்காய், இரண்டு வாழையிலை. சதுரக் காசுகள் முன்பே வாங்கியவை. அந்த 380 வெள்ளி விளக்கை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அது பள்ளிக் கட்டணம்.

மங்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள். சாக்கில் இன்னும் நாற்பதுக்கு மேல் கிடக்கிறது. அம்மா இங்கே இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள்; இருந்தால், எடுத்துப்போகும் முன் ஒவ்வொன்றையும் துடைத்துக் காட்டச் சொல்வார்.