எலிக்குப் பலித்தது என் பையனுக்கும் பலிக்குமா?

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதில் உள்ள தனிச் சிரமம்) என்கிறார்கள். “எலிகளிடம் நிரூபித்த ஒலிப்பயிற்சி, கூடவே மரபணுப் பரிசோதனை” என்று ஒரு மையம் மொத்தமாகப் பணம் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

எலி ஆய்வு பொய்யல்ல. டல்லாஸில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்டது. கருவிலிருக்கும் எலியின் மூளையில், டிஸ்லெக்சியாவோடு சேர்த்துப் பேசப்படும் மரபணு ஒன்றை அடக்கினார்கள். வளர்ந்த எலி பேச்சொலிகளைப் பிரித்தறியத் தடுமாறியது. நிறையப் பயிற்சி கொடுத்ததும் அதன் மூளை ஒலிக்குக் காட்டும் எதிர்வினை மேம்பட்டது. அதாவது, ஒலியைக் கேட்டுப் பிரிக்கும் வழியில் ஓர் இடம் எப்படிப் பழுதாகலாம் என்று தெரிந்தது. எலி ஒரு எழுத்தையும் வாசிக்கவில்லை. அதே பயிற்சியைக் குழந்தைக்கு விற்க அதில் ஆதாரம் கிடையாது.

மரபணுப் பரிசோதனை இன்னும் மோசம். 2022-இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட டிஸ்லெக்சியாக்காரர்களை ஆராய்ந்ததில் மரபணுத் தொகுதியில் அதோடு தொடர்புள்ள 42 இடங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் துளி. அறிக்கையில் எது வந்தாலும் பாடம் மாறப்போவதில்லை.

பணம் கேட்காத வேலை இது: தினமும் 20 நிமிடம். முதலில் வாயால் மட்டும்: “‘மரம்’ என்பதில் ‘ம’வை எடுத்தால்?” பிறகு நான்கைந்து எழுத்துகள். கொம்பில்தான் பிள்ளைகள் விழுவார்கள். ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கெ, கே தெளிவான பிறகே கொ, கோ. நான்கையும் ஒரே நாளில் கொட்டினால் எல்லாம் குழம்பும்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. நன்றாக வாசித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று வாசிப்பை இழந்தால் அது டிஸ்லெக்சியா அல்ல. டிஸ்லெக்சியா தொடக்கத்திலிருந்தே இருக்கும். இருந்த திறமையைப் பறிக்காது. மெதுவாகக் கற்பது வேறு, கற்றது கழன்று போவது வேறு. கூடவே வெறித்த பார்வை, பேச்சுக் குறைவு, வலிப்பு இருந்தால் அன்றைக்கே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி ஏதும் இல்லை.

டிஸ்லெக்சியா சான்றிதழ் “வாங்கித் தருகிறோம்” என்பவர்களிடமும் ஏமாறாதீர்கள். தனியார் மையத்தின் தாள் பள்ளிக்குக் காட்டத்தான் உதவும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் சலுகைக்கு அரசு மருத்துவக் குழுவின் சான்று வேண்டும். மூன்றாம் வகுப்பிலேயே ஆசிரியர் கவனித்துச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 2018-இலேயே சொன்னது. பள்ளிகளோ பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போதுதான் வாய் திறக்கின்றன. தலைமையாசிரியரிடம் உங்கள் கோரிக்கையை இப்போதே எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.