ஆட்டோபைலட்டே ஓட்டுதுன்னா பைலட் எதுக்கு, சம்பளம் எதுக்கு?

"இன்னைக்கு விமானத்தை முழுக்க ஆட்டோபைலட்தான் ஓட்டுது, பைலட் சும்மா உக்காந்துட்டு வர்றாரு, அதுக்கு எதுக்கு லட்சக்கணக்குல சம்பளம்"னு கேட்டிருக்கீங்க. பொதுவா நான் இங்க படிச்சுட்டு போற ஆளு, எழுதறதில்ல. இத பாத்துட்டு சும்மா போக முடியல.

ஏர்பஸ் ஏ320 ஓட்டினவன் நான். காதுல பிரச்சனை வந்து கிளாஸ் 1 மெடிக்கல் (பைலட் வேலைக்கு வேண்டிய உடல் தகுதிச் சான்று) போச்சு, இப்ப கோத்தகிரி பக்கம் சொந்த ஊர்ல கொஞ்சம் தேயிலை வச்சு பொழப்பு ஓடுது. ஊருக்கு வந்த புதுசுல டானிங்டன் டீக்கடைல மச்சான் முறை ஆகுற ஒருத்தர் அத்தனை பேர் முன்னாடி கேட்டாரு, "ஏன் மாப்ள, அதான் தானா ஓடுதே, பட்டன் அமுத்தறதுக்கு காது எதுக்கு?" எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சு வச்சேன். அதனால பதில் கொஞ்சம் சூடா இருந்தா பொறுத்துக்கங்க, அது உங்க மேல உள்ள கோபம் இல்ல, அவர் மேல உள்ள கோபம்.

நீங்க பெரும்பாலும் பையனையோ பொண்ணையோ பைலட் படிக்க வைக்கலாமான்னு யோசிச்சுட்டு கேக்கறீங்கன்னு நினைக்கறேன். இல்லைன்னாலும் பரவால்ல, படிங்க.

நீங்க சொல்றதுல பாதி உண்மை. கிளம்பி ஆயிரம் ரெண்டாயிரம் அடி ஏறினதும் ஆட்டோபைலட்ட போட்டுருவோம், இறங்கறப்ப ரன்வே கண்ணுக்கு தெரிஞ்சப்புறம் கடைசி சில நூறு அடிலதான் பல பேர் எடுப்பாங்க. மொத்தத்துல கையால ஓட்டறது நிமிஷக் கணக்குதான். இத சோம்பேறித்தனம்னு நினைச்சுராதீங்க, 29,000 அடில இருந்து 41,000 வரைக்கும் மேல போற விமானத்துக்கும் கீழ போறதுக்கும் நடுவுல ஆயிரம் அடிதான் இடைவெளி, அங்க பறக்கணும்னா உயரத்தை பிடிச்சு வைக்கற ஆட்டோபைலட் வேலை செஞ்சே ஆகணும்னு விதியே இருக்கு. ஆனா டேக் ஆஃப் கைதான். லேண்டிங்? தானா இறங்க முடியும், டெல்லி பனில அப்படித்தான் இறக்குவோம், அதுக்கு தரைலயும் அதுக்கேத்த ஐஎல்எஸ் (ரேடியோ சிக்னல்ல ரன்வேக்கு வழி காட்டற கருவி) வேணும், காத்தும் அடங்கி இருக்கணும். ஏ320ல பக்கவாட்டு காத்து 20 நாட் (மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர்) தாண்டினா தானா இறக்கக்கூடாது. நம்ம கோயம்புத்தூர்ல ஆடிக் காத்து பாலக்காட்டு கணவாய் வழியா பிச்சுக்கிட்டு வர்றப்ப உங்கள பத்திரமா இறக்கி விட்டது யாரோ ஒரு மனுஷனோட கை.

இப்ப என் கதை. டெல்லில இருந்து கோயம்புத்தூர், அதே ஆடி மாசம். ஹைதராபாத் தாண்டி 36,000 அடில போயிட்டு இருக்கோம், ஆட்டோபைலட் கழண்டுச்சு. கழண்டா ஊதல் மாதிரி ஒரு சத்தம் வரும், தூங்கறவன் கூட எந்திரிச்சிருவான். ரெண்டாவது ஒன்னு இருக்கு, அத போட்டோம், அதுவும் நிக்கல. திரும்ப மொதல்ல இருந்து போட்டுப் பாத்தோம், ம்ஹூம். கோ-பைலட் சின்னப் பையன், திருநெல்வேலி பக்கம், அந்தப் பயணம் அவன்தான் ஓட்டறான். கையால ஓட்டற சைடு ஸ்டிக்கை பிடிச்சான். பிடிச்ச பிடிலயே தெரிஞ்சு போச்சு, சிமுலேட்டர விட்டா இந்த உயரத்துல அவன் கையால ஓட்டினதே இல்லைன்னு. மேல காத்து மெலிசு, வேகம் ஜாஸ்தி, மூக்கு துளி அசைஞ்சாலே நூறு அடி போயிரும். ஐம்பது அடி இறங்குது, இழுக்கறான், எண்பது ஏறுது, தள்ளறான், திரும்ப இறங்குது. "தம்பி, பிடிக்காத, ரெண்டு விரல்ல தொட்டா போதும், விட்டா அதுவே நேரா போகும்"னேன். "சரி சார்"ங்கறான், ஆனா விரல் விடமாட்டேங்குது.

அப்ப எனக்கு ஞாபகம் வந்தது 2009 ஜூன் 1. ரியோல இருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447. வேகத்தை அளக்கற பிட்டோ குழாய்ல ஐஸ் அடைச்சு, ஆட்டோபைலட் கழண்டு, கைக்கு வந்த விமானத்தை மேல மேல இழுத்து ஸ்டால் ஆக்கி (இறக்கை தூக்கற சக்திய இழந்துரும்), நாலரை நிமிஷத்துக்குள்ள கடல்ல விழுந்துச்சு, 228 பேர் போயிட்டாங்க. எங்களுக்கு வேகம் எல்லாம் சரியாத்தான் காட்டுச்சு, ரெண்டும் ஒன்னுன்னு சொல்ல வரல. ஆனா பழகாத உயரத்துல விமானம் திடீர்னு கைக்கு வர்றது ரெண்டுலயும் இருக்குல்ல.

தரைல இருந்து விமானங்கள வழிநடத்தற ஏடிசிகிட்ட சொன்னோம், 28,000க்கு இறக்கி விட்டாங்க. கீழ வந்தா எரிபொருள் கூட குடிக்கும், கணக்கு போட்டேன், தாராளமா இருந்துச்சு. பையன்கிட்ட இருந்து நான் வாங்கல. வேணும்னேதான் வாங்கல. ரேடியோ, கணக்கு, வானிலை எல்லாம் நான் பாத்துக்கறேன், நீ ஓட்டுன்னு விட்டுட்டேன். (இத படிச்சுட்டு "கேப்டன்ல நீங்கதான வாங்கிருக்கணும்"னு வர்றவங்களுக்கு: ஒருத்தன் முழுசா ஓட்ட இன்னொருத்தன் முழுசா யோசிக்கணும், ரெண்டையும் ஒருத்தன் செஞ்சா ரெண்டும் அரைகுறை.) சேலம் வர்றதுக்குள்ள அவன் கை அடங்கிருச்சு, உயரம் அப்படியே நின்னுச்சு, முகத்துல ஒரு களை வந்துச்சு. அவினாசி பக்கம் வந்து ரன்வே 23க்கு திரும்பினப்ப மட்டும் நான் வாங்கிக்கிட்டேன், காத்து அப்படி. வலது பக்கம் எங்க மலை முழுக்க மேகத்துக்குள்ள, 2,637 மீட்டர் தொட்டபெட்டா அங்க இருக்குன்னு மேப் சொன்னாத்தான் தெரியும். இறங்கியாச்சு. பின்னாடி யாருக்கும் ஒன்னும் தெரியாது. ஒருத்தர் மட்டும் ஏசி பத்தலன்னு கதவுகிட்ட சொல்லிட்டு போனாரு.

அந்தப் பையன குறை சொல்லவே மாட்டேன். நாங்க இருந்த கம்பெனில முடிஞ்ச வரைக்கும் ஆட்டோபைலட்லயே வைன்னு எழுதியே வச்சிருந்தாங்க, கையால ஓட்டி சின்னதா ஒரு அளவு மீறினாலும் டேட்டால பிடிச்சு கூப்பிட்டு கேள்வி கேப்பாங்க. அப்புறம் எவன் பழகுவான்? அமெரிக்க விமானத்துறைய கட்டுப்படுத்தற எஃப்ஏஏவே 2013 ஜனவரில கையால ஓட்டறத ஊக்குவிங்கன்னு கம்பெனிகளுக்கு எழுதிச்சு. அதே வருஷம் ஜூலை 6, சான் பிரான்சிஸ்கோல ஏசியானா 214, போயிங் 777, பளிச்சுனு வெயில். ஐஎல்எஸ்ல இறங்கற கோணம் காட்டற பகுதி வேலைல இல்ல, கண்ணால பாத்து இறக்கணும். வேகத்தை ஆட்டோ த்ராட்டில் (என்ஜின் சக்திய தானா கூட்டிக் குறைக்கறது) பாத்துக்கும்னு நினைச்சுட்டு இருந்தாங்க, அது அந்த நேரம் பாத்துக்கற மோடுல இல்ல. 137 நாட் இருக்க வேண்டியது 103க்கு போயிருச்சு. ரன்வேக்கு முன்னாடி இருந்த கடல் சுவர்ல வால் அடிச்சு மூணு பேர் செத்தாங்க.

இத படிச்சப்ப எனக்கு பெங்களூர்தான் ஞாபகம் வந்துச்சு. 1990 பிப்ரவரி 14, இந்தியன் ஏர்லைன்ஸ் 605, அப்ப ஏ320 நம்ம நாட்டுக்கே புதுசு. நான் ஊட்டி ஆர்ட்ஸ் காலேஜ்ல படிச்சுட்டு இருந்தேன், பேப்பர்ல படம் பாத்தது இன்னும் கண்ணுல நிக்குது. அங்கயும் இதேதான், என்ஜின் ஐடில்ல கிடக்கற 'ஓப்பன் டிசென்ட்' மோடுல இறங்கிட்டு இருக்காங்க, கவனிக்கறப்ப லேட் ஆயிருச்சு, 132 நாட் இருக்க வேண்டியது 106. ரன்வேக்கு முன்னாடி கோல்ஃப் மைதானத்துல விழுந்து 146 பேர்ல 92 பேர் போனாங்க. நடுவுல 23 வருஷம், வேற நாடு, வேற கம்பெனி விமானம், தப்பு அதேதான். ஆட்டோபைலட்ட நம்பறது தப்பே இல்லைங்க, அது இந்த நிமிஷம் எந்த மோடுல இருக்கு, எத பாத்துக்குது எத பாத்துக்கல, அது தெரியாம நம்பறதுதான் ஆள கொல்லுது. ஸ்கிரீன் மேல அந்த மோடு பேரெல்லாம் ஒரு வரில ஓடும். அது மாறுறப்பல்லாம் வாய்விட்டு படிப்போம், பக்கத்துல இருக்கறவன் காதுல விழணும். மச்சானுக்கு இதுதான் பதில், அன்னைக்கு வாய்ல வரல.

உடனே போயிங் 737 மேக்ஸ் விபத்துங்கள பத்தி கேக்காதீங்க, அங்க பைலட்டுக்கே சொல்லாம ஒரு சிஸ்டத்த வச்சாங்க, அது வேற கணக்கு. அதே மாதிரி எங்க ஊர்ல பேச்சு இங்க வந்தாலே 2021 டிசம்பர்ல குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்துல விழுந்த ராணுவ ஹெலிகாப்டர இழுப்பாங்க. அது மலைக்கு நடுவுல தாழ்வா பறந்தது, திடீர்னு மேகத்துக்குள்ள போய் திசை புரியாம போச்சுன்னு விசாரணைல சொன்னாங்க. 14 பேர் போன விஷயம், டீக்கடை வாதத்துக்கு எடுக்காதீங்க, அவ்வளவுதான்.

சம்பளம்னு சொன்னீங்கள்ல. பைலட் சம்பளம் ஊருக்கே உறுத்துது, பசுந்தேயிலைக்கு கிலோ 33 ரூபா 50 காசு கேட்டு 2023ல கோத்தகிரி பக்கம் உண்ணாவிரதம் இருந்தாங்களே, அத பத்தி இங்க யாராவது ஒரு கேள்வி கேட்டிருக்கீங்களா? மழை நாள்ல இலை எடுக்க வர்ற ஏஜென்ட் தண்ணி கழிவுன்னு கிலோ கணக்குல கழிக்கறான், கேட்டா "கேப்டனுக்கு என்ன குறைச்சல்"ங்கறான். அந்தத் தராசையும் ஒரு மனுஷன்தான் ஓட்டறான், அதுக்கு ஒரு ஆட்டோமேட்டிக் வந்தா நானே மாலை போட்டு கூப்பிடுவேன். சரி விடுங்க, எங்கயோ போயிட்டேன்.

பிள்ளைய சேக்கறதா இருந்தா ஒன்னு மட்டும். லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்கணும், அப்புறம் டைப் ரேட்டிங் (ஏ320 மாதிரி ஒரு குறிப்பிட்ட ரக விமானம் ஓட்டறதுக்கான தகுதி) தனி செலவு, வீட்ட அடமானம் வச்சவங்க எனக்கு தெரிஞ்சே இருக்காங்க. ஸ்கூல் ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி கிளாஸ் 2, கிளாஸ் 1 ரெண்டு மெடிக்கலும் எடுத்துருங்க. பாதி பணம் கட்டினப்புறம் நிறக்குருடுன்னு தெரிஞ்சா அந்தப் பணத்தை எவனும் திருப்பித் தரமாட்டான்.