எக்ஸ்எம்எல் மேப்பிங்கில் அடம்பிடிக்கும் எழுத்துகள்: கேள்வி-பதில்

சார், ஒரு சிஸ்டத்தின் எக்ஸ்எம்எல் மெசேஜை (டேக்குகளுக்குள் தரவை வைக்கும் வடிவம்) இன்னொரு சிஸ்டத்துக்கு ஏற்ப மாற்றும் மேப்பிங் எழுதுகிறேன். வாடிக்கையாளர் பெயரில் & வந்தாலே மெசேஜ் விழுந்துவிடுகிறது. மேப்பிங்கில் அதை &#38; என்று மாற்றிவிடலாமா?

முதலில் எந்த இடத்தில் விழுகிறது என்று பாருங்கள். & எஸ்கேப் ஆகாமல் (&#38; போன்ற குறியீடாக மாறாமல்) மொட்டையாக வந்தால், எக்ஸ்எம்எல்லைப் படித்துப் பிரிக்கும் பார்சரே நிறுத்திவிடும்; உங்கள் மேப்பிங் ஓடவே ஆரம்பித்திருக்காது. கோளாறு அனுப்புகிற பக்கம். அங்கே யாரோ ஸ்டிரிங்குகளை ஒட்டி எக்ஸ்எம்எல் தயாரிக்கிறார்கள். லைப்ரரி வழியாக எழுதச் சொல்லுங்கள். பழைய சிஸ்டம், எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று கைவிரித்தால் மட்டும் பார்சருக்கு முன்னால் ஒரு திருத்தம் வையுங்கள். அதிலும் ஏற்கெனவே எஸ்கேப் ஆனதைத் தொடக்கூடாது. மொட்டை < வந்தால் இந்த வழியும் உதவாது. எது டேக், எது தரவு என்று நம்பிக்கையாகப் பிரிக்க முடியாது.

மறுமுனைத் திரையில் 'ராஜா &#38; சன்ஸ்' என்றே தெரிகிறது.

இரண்டு தடவை எஸ்கேப் ஆகியிருக்கிறது. மேப்பிங்கில் நீங்கள் ஒரு தடவை, தரவை எக்ஸ்எம்எல்லாக எழுதித்தரும் சீரியலைசர் இன்னொரு தடவை. உங்களுடையதை எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் சிடேட்டாவுக்குள் (எஸ்கேப் செய்யாமலே தரவை எழுதும் பகுதி) போட்டுவிட்டால்?

தரவுக்குள் சிடேட்டாவை முடித்துவைக்கும் ]]> வரும்வரை ஓடும். அப்புறம், பார்சரைத் தாண்டிவிட்டால் சிடேட்டாவும் சாதாரண டெக்ஸ்டும் ஒன்றுதான். 'சிடேட்டாவாகத்தான் வேண்டும்' என்று அடம்பிடிக்கும் சிஸ்டம் எக்ஸ்எம்எல்லை ஒழுங்காகப் படிக்கவில்லை என்பேன்.

எஸ்கேப் எல்லாம் சரி. ஆனாலும் சில மெசேஜ்களில் 'செல்லாத எழுத்து' என்று பிழை. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கண்ட்ரோல் எழுத்தாக (திரையில் உருவம் இல்லாத குறி) இருக்கும். வேர்டிலிருந்து முகவரியை ஒட்டும்போது வரிமுறிப்பாக யூனிகோட் எண் 11 கொண்ட எழுத்து உள்ளே வருவதுண்டு. எக்ஸ்எம்எல் 1.0-இல் 32-க்குக் கீழே 9, 10, 13 மட்டுமே செல்லும். &#11; என்று எழுதினாலும் செல்லாது, சிடேட்டாவும் காப்பாற்றாது. எக்ஸ்எம்எல் ஆவதற்கு முன்பே இடைவெளியாக மாற்றுவதுதான் வழி.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வருகின்றன.

வழியில் ஏதோ ஒரு சிஸ்டம் தமிழ் இல்லாத என்கோடிங்குக்கு (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறை) மாற்றியிருக்கிறது. அந்த மெசேஜில் மூலம் போனது போனதுதான். திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். கேள்விக்குறிக்குப் பதிலாகக் கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துகள் வந்தால் கவலை குறைவு: யுடிஎஃப்-8 பைட்டுகளை வேறு என்கோடிங்காகப் படித்திருக்கிறார்கள், பெரும்பாலும் மீட்கலாம். கையோடு ஃபீல்டின் நீளத்தையும் பாருங்கள். 'செல்வி' என்பது யூனிகோடில் 6 குறிகள் (ச, ெ, ல, ், வ, ி), யுடிஎஃப்-8-இல் 18 பைட்டுகள். நீளத்தைப் பைட்டில் கணக்கிட்டு 10-இல் வெட்டும் சிஸ்டம், நான்காவது குறியை நடுவிலேயே அறுத்துவிடும்.