சின்ன வயதில் பார்த்த டிவி நிகழ்ச்சிகள் மேல் மட்டும் ஏன் இவ்வளவு ஏக்கம்?

நிகழ்ச்சி எவ்வளவு தரமாக இருந்தது என்பது இதில் இரண்டாம்பட்சம்தான். பழகப் பழக ஒன்றின் மேல் விருப்பம் கூடும் என்பதை ராபர்ட் ஜயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-லேயே எழுதியிருக்கிறார், சின்ன வயதில் நாம் மறுஒளிபரப்பைக்கூட அலுக்காமல் பார்த்தவர்கள். வயதானவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டால் சுமார் 10 முதல் 30 வயது வரை நடந்தவைதான் அதிகம் வருகின்றன என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது காத்திருப்பு. வாரம் ஒருமுறை, குறித்த நேரத்தில், தவறவிட்டால் அந்த வாரம் போனதுதான் என்பதால் அந்த அரைமணி நேரத்தைச் சுற்றியே வீட்டுப்பாடம், குளியல், அண்ணன் தங்கை சண்டை எல்லாம் அமைந்தன, எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். அதனால்தான் டைட்டில் இசை கேட்டதும் கதையைவிட அந்த அறையும் ஆட்களும் முதலில் நினைவுக்கு வருகிறார்கள்.

இப்போது தனியாகப் போனில் பார்த்தால் ரொம்ப மெதுவாகத் தெரியும், சரி, அது இயல்புதான். அன்று கூட உட்கார்ந்து பார்த்தவர்களைக் கூப்பிட்டு ஒரு எபிசோடு சேர்ந்து பாருங்கள், நிச்சயம் வேறு மாதிரி இருக்கும்.